படக்குறிப்பைத் திருத்துங்கள்

வெள்ளைச் சட்டை அணிந்த போராளி ஒருவர் அறுவடை முடிந்த சரிவில் பின்னோக்கிச் சாய்கிறார். விரித்த கையிலிருந்து துப்பாக்கி நழுவுகிறது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1936 செப்டம்பரில் ராபர்ட் காப்பா எடுத்த இந்தப் படம், செர்ரோ முரியானோவில் குண்டு பாய்ந்த கணத்தின் சாட்சி என்றே இன்றும் பலரால் அச்சிடப்படுகிறது. இந்தப் பழக்கம் நிற்க வேண்டும்.

காப்பா, கெர்டா டாரோ, டேவிட் சைமூர் ஆகிய மூன்று ஒளிப்படக் கலைஞர்களின் சுமார் 4,500 நெகட்டிவ்கள் மெக்சிகோவில் கண்டெடுக்கப்பட்டு 2007-ல் நியூயார்க் வந்து சேர்ந்தன. இந்தப் படம் உண்மையா, நடித்து எடுக்கப்பட்டதா என்ற சர்ச்சை தீரும் என்று பலரும் காத்திருந்தார்கள். ஆனால், இந்தப் படத்தின் நெகட்டிவ் அவற்றில் இல்லை.

துப்பு வேறு பக்கம் கிடைத்தது. இதனுடன் எடுத்த மற்றப் படங்களின் பின்னணியில் தெரியும் மலைகளை ஆராய்ந்தார் ஆய்வாளர் ஹோசே மனுவேல் சுஸ்பெரேகி. அவர் அனுப்பிய படத்தை எஸ்பேஹோவில் ஓர் ஆசிரியர் வகுப்பில் காட்ட, மாணவர் ஒருவர் அது தம் ஊர் என்று சொல்லிவிட்டார். எஸ்பேஹோ இருப்பது கோர்தோபாவுக்குத் தென்கிழக்கே. செர்ரோ முரியானோவோ வடக்கே. செப்டம்பர் தொடக்கத்தில் எஸ்பேஹோவில் சண்டையே இல்லை. அது மட்டுமல்ல. 1936 செப்டம்பர் 23 'வூ' என்ற பிரெஞ்சு இதழில் வெளியான இன்னொரு படத்தில், ஏறத்தாழ அதே இடத்தில் வேறொருவரும் விழுகிறார். இரண்டிலுமே மற்றவரின் உடலைக் காணோம்.

செர்ரோ முரியானோவில் இறந்த பெதரிக்கோ போர்ரெல் என்பவரே படத்தில் இருப்பவர் என்று 1990-களில் சொன்னார்கள். அவரோ ஒரு மரத்தின் மறைவில் இருந்தபோது சுடப்பட்டதாக 1937-ல் ஒரு நினைவுக் குறிப்பு வந்திருக்கிறது. படத்தில் மரமே இல்லை. உண்மையிலேயே உயிர்விட்டவரின் மரணத்தை இன்னொருவரின் உருவத்தோடு ஒட்டவைப்பது அவருக்குச் செய்யும் அநீதி.

காப்பாவின் துணிவை நாம் ஐயுறவில்லை. 1954-ல் இந்தோசீனாவில் கண்ணிவெடியில் உயிரிழந்தவர் அவர். ஆனால், 'போரின் கொடுமை உண்மைதானே, படம் எப்படி எடுக்கப்பட்டிருந்தால் என்ன?' என்ற வாதத்தை ஏற்க முடியாது. 1937 ஏப்ரலில் குவெர்னிக்கா நகரம் குண்டு வீசி அழிக்கப்பட்டபோது, பின்வாங்கிய குடியரசுப் படையினரே தீ வைத்தார்கள் என்று, குடியரசை எதிர்த்துப் போரிட்ட பிராங்கோ தரப்பு சாதித்தது. அப்படி மறுப்பவர்கள் கையில் ஐயத்துக்குரிய ஒரே ஒரு படம் சிக்கினால் போதும். மெய்யான நூறு படங்களையும் பொய் என்பார்கள். குடியரசின் பக்கம் நிற்பவர்களே முதலில் கேள்வி கேட்க வேண்டும்.

கண்டெடுக்கப்படும் எந்தப் போர்ப்படத் தொகுப்பானாலும், சுருள் முழுவதையும் எடுத்த வரிசையிலேயே வெளியிட வேண்டும். அது யார் யார் கைமாறி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தப் படத்தின் கீழே பத்திரிகைகள் இனி அச்சிட வேண்டியது இவ்வளவுதான்: 'எஸ்பேஹோ அருகே எடுத்ததாகக் கருதப்படுவது, செப்டம்பர் 1936. படத்தில் இருப்பவர் யார் என்பதும், அவர் அப்போது இறந்தார் என்பதும் நிறுவப்படவில்லை.'