பழைய டிரம்முக்கு விலை இருக்கு, அடிச்சவங்க பேரு எங்கே?

1960களில் செய்த லுட்விக், ஸ்லிங்கர்லேண்ட், கிரெட்ச், ரோஜர்ஸ் டிரம் செட்டுகளைத் தேடித்தேடி வாங்குகிற கூட்டம் ஒன்று உலகமெங்கும் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்கள் உருவாக்கிய ஃபங்க், சோல் இசையின் அந்தப் பழைய ஓசை இவர்களுக்கு வேண்டும். அது மரத்தில் இருக்கிறது என்கிறார்கள், பலகையின் அடுக்கில் இருக்கிறது என்கிறார்கள். செய்த வருஷம், பூசிய நிறம், திருகின் வடிவம் எல்லாவற்றுக்கும் வரலாறு எழுதுகிறார்கள். அந்த மரத்தை அடித்த கைக்கு மட்டும் வரலாறு கிடையாது. இது என்ன நியாயம்?

செட்டை அமைப்பதில் மர்மம் எதுவும் இல்லை. 20 அல்லது 22 அங்குல பாஸ் டிரம். 12 அல்லது 13 அங்குல டாம் ஒன்று. தரையில் நிற்கிற 14 அல்லது 16 அங்குல டாம் ஒன்று. 14 அங்குல ஸ்நேர், ஒரு ஜோடி ஹை-ஹாட், ஒன்றிரண்டு சிம்பல். இவ்வளவுதான். பாஸ் டிரம்மின் முன்தோலைக் கழற்ற வேண்டாம். தோலுக்கு அடியில் ஒரு கம்பளித் துணிப் பட்டையை இழுத்துக் கட்டினால் அதிர்வு அடங்கும். திருகுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்கினால் தோல் ஒரே சீராக இழுபடும். ஃபங்குக்கு ஸ்நேர் விறைப்பாக, அடி சுள்ளென்று விழவேண்டும். சோலுக்குக் கொஞ்சம் தளர்த்தி, மேலே எதையாவது வைத்து அமுக்க வேண்டும்.

எதை வைப்பது? மெம்ஃபிஸ் நகரத்தில் ஸ்டாக்ஸ் கம்பெனிக்கு வாசித்த அல் ஜாக்சன் ஜூனியர் தன் பர்ஸை எடுத்து ஸ்நேர் மேல் வைத்தார். அந்த ஸ்டூடியோ ஒரு பழைய சினிமா தியேட்டர். டெட்ராய்டில் மோட்டவுன் கம்பெனியின் ஸ்டூடியோ இருந்தது ஒரு குடியிருப்பு வீட்டில். கிடைத்த இடத்தில், கைக்கு வந்ததை வைத்து உழைப்பாளிகள் உண்டாக்கின ஓசை இது. இன்றைக்கு அந்தப் பர்ஸின் வேலையைச் செய்ய வளையமும் பசைத்துண்டும் தனித்தனியாக விற்கிறான். கன்றுத்தோல் கட்டிய காலத்தில் ஈரத்துக்குத் தோல் தளரும், காய்ந்தால் இறுகும். பறை காய்ச்சுகிற நம்ம ஆளுங்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1957 வாக்கில் பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது. அந்தத் தோலுக்குக் கம்பெனிப் பேரு உண்டு, உரிமை உண்டு. அதன்மேல் விழுந்த அடிக்கு?

கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு 1943இல் டென்னசி மாநிலம் சட்டனூகாவில் பிறந்தவர். ஆலைச் சத்தத்திலும் ரயில் சத்தத்திலும் தாளம் கேட்டு வளர்ந்தவர். ஜேம்ஸ் பிரவுன் குழுவில் இருந்தபோது, 1969 நவம்பரில் சின்சினாட்டியில் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டுக்கு வாசித்தார். நடுவில் மற்ற வாத்தியங்கள் அடங்க, சுமார் 20 விநாடி அவர் மட்டும் வாசிக்கிறார். ஓங்கி விழும் அடிகளுக்கு நடுவே, காதில் விழுந்தும் விழாமலும் இடதுகை தொடுகிற சின்னச்சின்ன அடிகள். அதுதான் அவர் கையெழுத்து. அந்தத் துண்டை வெட்டியெடுத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் சுழலவிட்டார்கள். 1989இல் பப்ளிக் எனிமியின் கலகப் பாட்டிலும் அது உண்டு. பாட்டை எழுதியவர் என்ற இடத்தில் ஜேம்ஸ் பிரவுன் பேரு மட்டும். ஸ்டபிள்ஃபீல்டுக்குக் கிடைத்தது வாசிச்ச கூலி. புற்றுநோய் வந்தபோது இன்னொரு கலைஞர், பிரின்ஸ், செலவை ஏற்கவேண்டி வந்தது. 2017இல் இறந்தார்.

கிரிகரி கோல்மன் கதை இன்னும் கொடுமை. 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஏமென், பிரதர்' பாட்டில் ஏழு விநாடிகூட வராத ஒரு துண்டு வாசித்தார். பின்னால் ஒரு இசை வகையே அதன்மேல் எழும்பியது. அவரோ 2006இல் வீடு வாசல் இல்லாமல் செத்தார்.

'கூலி கொடுத்தாச்சே, அப்புறம் என்ன?' என்பார்கள். சாவு வீட்டில் பறையடித்தவர்களின் பிள்ளைகளுக்கு இந்தப் பேச்சு புதுசா? கூலி ஒரு நாளைக்கு. ஓசை ஐம்பது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது.

'சட்டத்தில் சொல்லும் மெட்டும்தான் படைப்பு, தாளம் படைப்பில்லை' என்று அடுத்த கதவைச் சாத்துவார்கள். அப்படியானால் 1962இன் 'கிரீன் ஆனியன்ஸ்' இசையைப் படைத்தவர்களில் ஒருவராக அல் ஜாக்சன் பேரு எப்படி வந்தது? 1971இல் அல் கிரீன் பாடிய 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாட்டிலும் அவர் பேரு உண்டே? கொடுக்க நினைத்த இடத்தில் கொடுக்க முடிந்திருக்கிறது. சட்டத்தின் பேரைச் சொல்லித் தப்பிக்க வேண்டாம்.

ஜேம்ஸ் பிரவுனும் கறுப்பர்தானே, மோட்டவுன் முதலாளியும் கறுப்பர்தானே என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம். அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம்: குரல் மேல், கை கீழ் என்ற படிநிலை ஒடுக்கப்பட்டவர் வீட்டுக்குள்ளும் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். மோட்டவுனில் வருஷக்கணக்காக வாசித்தவர்களின் பேரு ஒரு ஆல்பத்தின் உறையில் அச்சேற, 1971இல் மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' வரவேண்டியிருந்தது.

இன்னொன்றையும் சேர்த்து வாசிக்கவேண்டும். 1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோவில் அடிமைகள் டிரம் முழங்கக் கிளர்ந்தார்கள். அடுத்த வருஷமே அடிமைகள் டிரம் வைத்திருக்கக்கூடாது என்று சட்டம் போட்டான் வெள்ளைக்காரன். தாளம் ஆளைக் கூட்டும், சேதி சொல்லும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தடை போடுகிறபோது தாளம் பேச்சு. காசு கொடுக்கிறபோது மட்டும் வெறும் சத்தமா?

பழைய செட்டை வாங்குங்கள், முறுக்குங்கள், பர்ஸை வையுங்கள், வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாளத்தை மேடையில் வாசித்தால் ஸ்டபிள்ஃபீல்டு, கோல்மன், ஜாக்சன் பேரைச் சொல்லுங்கள். துண்டு வெட்டி விற்றால் அடித்தவருக்கோ அவர் பிள்ளைகளுக்கோ பங்கு கொடுங்கள். புதுசாகப் பதிவு செய்தால், ஸ்டூடியோவை விட்டுக் கிளம்புமுன் டிரம்மர் பேரைப் படைத்தவர் பட்டியலில் எழுதுங்கள்.