பாம்புக்கடியும் பல்கலைக்கழகமும்

பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், கிராமப்புற வைத்தியசாலையொன்றில் பாம்பு கடித்த விவசாயி ஒருவரைக் கண்டேன். விஷமுறிவு மருந்து ஏற்றிய சிறிது நேரத்தில் அவருக்கு உடல் நடுங்கி மூச்சு இழுத்தது. "பாம்பு விட்டாலும் மருந்து விடாது போலக் கிடக்கு, தம்பி" என்று அவருடைய மனைவி அழுதார். விவசாயி பிழைத்துக்கொண்டார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

அவருடைய அச்சம் வெறும் அறியாமையன்று. இலங்கை வைத்தியசாலைகளில் 1,007 நோயாளரிடம் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்றில், நான்கில் மூன்று பங்கினருக்கு விஷமுறிவு மருந்தினால் ஒவ்வாமை ஏற்பட்டமை பதிவாகியது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் முன்னின்று நடத்திய ஆய்வு அது. ஒவ்வாமையைத் தடுப்பதற்கென வைத்தியர்கள் கையாண்டுவந்த மூன்று மருந்துகள் அதில் பரிசோதிக்கப்பட்டன. சிறிதளவு அட்ரினலின், கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணி நேரத்தில் 43 வீதத்தால் குறைத்தது. புரோமெதசினும் ஹைட்ரோகோர்ட்டிசோனும் பயன்தரவில்லை. ஹைட்ரோகோர்ட்டிசோனையும் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினால் விளைந்த நன்மையும் இல்லாதுபோயிற்று.

நல்லெண்ணத்துடன் கொடுத்த மருந்து இன்னொரு மருந்தின் பயனைக் கெடுத்திருக்கிறது. இதனை அனுபவத்தால் மட்டும் எந்த வைத்தியரும் கண்டறிந்திருக்க முடியாது. 2005 முதல் 2008 வரை, மூன்றாண்டு காலம் நோயாளரைச் சேர்த்து, எவருக்கு எம்மருந்து என்பதை மறைத்துவைத்துக் கணக்கிட்ட பின்னரே உண்மை தெரிந்தது. அதற்கான நிதியோ வெளிநாட்டிலிருந்து வந்தது.

இங்கேதான் என் கேள்வி பிறக்கிறது. விரிவுரை, பரீட்சை, விடுதிச் சுற்று ஆகியவற்றுக்கிடையில் ஓடித்திரியும் விரிவுரையாளர் ஒருவர் இத்தகைய ஆய்வைத் தனியே சுமக்க இயலுமா? புள்ளிவிபரவியலாளர், தரவுகளைப் பேணுவோர், ஆய்வுக்கெனப் பயிற்றப்பட்ட தாதியர், காலந்தாழ்த்தாது முடிவு சொல்லும் ஒழுக்கநெறிக் குழு ஆகிய நான்கும் ஒவ்வொரு மருத்துவ பீடத்திலும் நிரந்தரமாக இருத்தல் வேண்டும். வெளிநாட்டு நிதி நின்றதும் கலைந்துபோகும் அமைப்பால் பயனில்லை.

"மருந்து வாங்கவே பணமில்லை, ஆய்வு எதற்கு?" என்பார்கள். பயனற்ற மருந்தை வாங்குவதும் பணத்தால்தானே? இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. 400 இற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என 2012, 2013 ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட நாடளாவிய கணக்கெடுப்பு மதிப்பிட்டது. இறப்பவர்களிற் பலர் ஏழைகள். அவர்களுக்காகப் பெரிய மருந்துக் கம்பனிகள் ஆய்வு செய்யப்போவதில்லை. நமது பல்கலைக்கழகங்களே செய்யவேண்டும்.

எங்கள் தொழிலின் குறையையும் மறைக்க விரும்பவில்லை. புதிய கட்டடத்துக்கு அமைச்சர் நாடா வெட்டினால் முதற் பக்கத்தில் படம் போடுவோம். அக்கட்டடத்துக்குள் ஆராய்ந்து கண்ட முடிவுக்கு ஒரு மூலையும் ஒதுக்கமாட்டோம். உயிரைக் காத்தது எது என்று மக்களுக்குச் சொல்லாத பத்திரிகைக்கு, ஆய்வுக்குப் பணம் ஒதுக்காத அரசைக் குறைகூற என்ன தகுதி இருக்கிறது?