டியூ டு

பி.காம். முடித்த கையோடு சிவகாசியில் ஒரு பட்டாசு ஆபீஸில் லெட்டர் டைப் அடிக்கிற வேலை கிடைத்தது. தினமும் விருதுநகரிலிருந்து பஸ். எனக்குத் தெரிந்த ஒரே காரணம் 'டியூ டு'. டியூ டு ரெயின், சரக்கு லேட். டியூ டு தீபாவளி, லாரி இல்லை. ஏஜென்ட்டின் செக் திரும்பி வந்தாலும் டியூ டு!

மேனேஜர் அண்ணாச்சிக்கு இது ஆகாது. "தம்பி, 'தி டிலே இஸ் டியூ டு ரெயின்'னா சரி. வாக்கியத்தோட தலையில வைக்கணும்னா 'ஓயிங் டு', 'பிகாஸ் ஆஃப்'னு போடுப்பா" என்பார். 1926-லேயே ஃபௌலர் திட்டிய தப்பாம். (பிற்பாடு டிக்‌ஷனரிக்காரர்களே இறங்கி வந்துவிட்டார்கள். அண்ணாச்சி இறங்கவில்லை!)

ஒருநாள் மருந்து ரூம் வெடித்தது. ரெண்டு உயிர். இன்ஷூரன்ஸ் லெட்டரில், 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் டியூ டு ஃப்ரிக்‌ஷன்' என்று அடித்தேன். இலக்கணம் சுத்தம்.

அண்ணாச்சி ரொம்ப நேரம் பேப்பரையே பார்த்தார்.

"உராய்வுதான், சரி. லைசென்ஸ்ல நாலு பேர். உள்ளே எத்தனை பேரு இருந்தாங்க?"

"ஒன்பது, அண்ணாச்சி."

"அதுக்கு என்ன 'டு' போடப் போற?"

முதலாளி கையெழுத்தோடு லெட்டர் அப்படியே போனது. ஆபீஸ் காப்பியில் அண்ணாச்சி இனிஷியல் மட்டும் இல்லை.

2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் பேப்பரைப் பிரித்ததும் 'காரணமாக' என்ற வார்த்தையைத் தாண்டி நான் தேடியது, உள்ளே எத்தனை பேர் என்பதைத்தான்.