கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதுமா?

பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பு 31 நாடுகளிலும் பிரதேசங்களிலும் வளர்ந்தவர்களை வாசிக்கவும் கணக்குப் போடவும் வைத்துச் சோதித்தது. 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. பத்தாண்டுகளில் வாசிப்புத் திறன் உயர்ந்தது பின்லாந்திலும் டென்மார்க்கிலும் மட்டுமே. எண்ணறிவிலோ நால்வரில் ஒருவர் அடிமட்டத்தில் நிற்கிறார். பணமும் பாடசாலையும் நிறைந்த நாடுகளின் நிலை இது.

அந்த ஆய்வில் இலங்கை இல்லை. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வது 2012 குடிசன மதிப்பீட்டின் 95.7 சதவீத எழுத்தறிவை. அது வீட்டார் வாயால் சொன்ன பதில். எவர் கையிலும் ஒரு பத்திரத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை.

பத்திரம் என்றால் என்ன என்று கொழும்பை அண்டிய ஒருகொடவத்தைக்குத் தெரியும். கொள்கலன் லொறிகளையும் முச்சக்கர வண்டிகளையும் நம்பிப் பிழைக்கும் பகுதி இது. லீசிங்கும் கடனும் இங்கே அன்றாடச் சங்கதி. ஒரு இலட்சம் ரூபா கடன், 24 வீத நிலையான வட்டி, ஓராண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10,333 ரூபா கட்ட வேண்டும். கடன் முதல் மாதந்தோறும் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு இலட்சத்துக்கும் அறவிடப்படுகிறது. குறைந்துசெல்லும் நிலுவைக்குக் கணக்கிட்டால் உண்மை வட்டி 40 வீதத்தைத் தாண்டும். சாதாரண தரம் வரை படித்தவருக்கும் இது பிடிபடுவதில்லை. பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் கேட்கவே வேண்டாம். காட்டிய இடத்தில் ஒப்பமிட்டுவிட்டு வருகிறார்.

அவரை அறிவிலி என்பவர்களோடு எமக்கு உடன்பாடில்லை. வாசிப்பும் கணக்கும் பழகாவிட்டால் தேய்ந்துபோகும். பதினாறு வயதோடு கடமை முடிந்ததென்று கைகழுவிய அரசும், வாடிக்கையாளருக்குப் புரியாததையே இலாபமாக்கும் கடன் வியாபாரமும்தான் குற்றவாளிகள். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி ஏழைப் பிள்ளைக்குக் கதவைத் திறந்தது. அந்தப் பிள்ளை தாயான பிறகு, தொழிலாளியான பிறகு, திரும்பி வந்து படிக்க மாலை வகுப்பு எங்கே?

ஒருகொடவத்தையிலேயே மோட்டார் வாகனப் பொறியியல் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மாலையில் அதன் வகுப்பறைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் வாசிப்புக்கும் கணக்குக்கும் திறந்துவிடுங்கள். கடன்பெறுபவரின் மொழியில், உண்மை வட்டி பெரிய எழுத்தில் அச்சிடப்படாத எந்தக் கடன் ஒப்பந்தமும் செல்லாது என்று சட்டம் இயற்றுங்கள்.