ஆராய்ச்சிக்கு எதற்கு ஒரு டீன்?

பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "உங்க இன்ஜினியரிங் காலேஜ்ல ஆராய்ச்சிக்குன்னே தனியா ஒரு இணை டீனாமே? ஆராய்ச்சி பண்றது நீங்க, அவரு என்னதான் பண்றாரு?"

அமெரிக்காவில் வரி கட்டுகிறவர், கேட்க உரிமை உண்டு. பதிலுக்கு என் கதையைச் சொன்னேன்.

உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த புதிதில், மத்திய நிதி அமைப்பு ஒன்றுக்கு மூன்று மாதம் உழைத்து விண்ணப்பம் எழுதினேன். பதினைந்து பக்கம். முனைவர் பட்டம் முடித்த ஆய்வாளர் ஒருவருக்குச் சம்பளம் கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால், அவருக்கு எப்படி வழிகாட்டுவேன் என்று ஒரு பக்கம் தனியாக இணைக்க வேண்டும். இணைக்கவில்லை. படிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்! தப்பு என்னுடையதுதான். ஆனால் அனுப்பும் முன் பார்த்துச் சொல்ல அன்று எங்களிடம் ஆள் இல்லை.

தேசிய அறிவியல் அறக்கட்டளை இளம் பேராசிரியர்களுக்குத் தரும் 'கரியர்' விருதுக்கு ஒருவர் மூன்று முறைதான் போட்டியிட முடியும். பொறியியலுக்கு ஐந்து ஆண்டுக்குக் குறைந்தது 5 லட்சம் டாலர். டென்யூர் என்கிற நிரந்தரப் பணிக்குக் காத்திருப்பவருக்கு, மூன்றில் ஒன்றைக் காகிதக் கோளாறில் இழப்பது சின்ன விஷயமா?

நண்பர் விடவில்லை. "நிதியில பாதி ஆபீசுக்கே போகுதாமே?" 2025-இல் கிளம்பிய பேச்சு இது. பிப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனமும், மே மாதம் அறிவியல் அறக்கட்டளையும் மறைமுகச் செலவுக்கு 15 சதவீதம்தான் என்று அறிவித்தன. நீதிமன்றங்கள் இரண்டையும் தடுத்தன. கணக்கைப் பாருங்கள்: 50 சதவீதம் என்றால் 100 டாலர் ஆய்வுச் செலவுக்கு மேல் 50. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. பெரிய கருவிகளுக்கும் மாணவர் கல்விக் கட்டணத்துக்கும் அதுவும் கிடையாது. இதில் நிர்வாகத்துக்கான பங்கு 1991 முதலே 26 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மிச்சம் கட்டடம், மின்சாரம் போன்றவற்றுக்கு.

அதற்காக அந்த அலுவலகங்கள் எல்லாம் உத்தமம் என்று சொல்ல வரவில்லை. டாலரை மட்டும் எண்ணுகிற ஆராய்ச்சி டீன்களையும் பார்த்திருக்கிறேன். பெரிய மையம் கொண்டு வருபவருக்கு ராஜ மரியாதை. காகிதமும் பென்சிலுமாகக் கோட்பாடு பார்க்கிற பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. நல்லவர் வேறு மாதிரி. வரைவை அடிக்கோடிட்டுப் படிப்பார். சிவில் ஆளையும் கம்ப்யூட்டர் ஆளையும் ஒரே மேசையில் உட்கார வைப்பார். மறுப்பு வந்த அன்று அறைக்கதவைத் தட்டி, "விமர்சனத்தைக் காட்டுங்க, சேர்ந்து பார்ப்போம்" என்பார்.

நம்மாட்களுக்கு ஒரு கூச்சம் வேறு. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ! நான் ஒரு வருஷம் அப்படித்தான் வாய் மூடி இருந்தேன்.

பேராசிரியர் வேலைக்குப் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சம்பளம், ஆய்வகம் தொடங்கும் பணம் எல்லாம் கேட்கிறார்கள். கூடவே இதையும் கேளுங்கள்: "என் முதல் விண்ணப்பத்தை அனுப்பும் முன் படித்துப் பார்க்க இங்கே யார் இருக்கிறார்கள்?" பதிலாக ஒரு பெயர் வருகிறதா, இணையதள முகவரி வருகிறதா என்று பாருங்கள்.