வாசகர் கேள்வி: பிரேக் பெடலில் கால் வழுக்குகிறதா?

பழைய மாருதி 800 காரில் பால் கேனும் காய்கறி மூட்டையும் ஏற்றிச் சந்தைக்குப் போகும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மழை நாளில் வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஏறி, வாய்க்கால் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தபோது கால் வழுக்கி, வண்டி கரையோரம் போய் நின்றதாம். பிரேக்கில் குறையில்லை என்கிறார் மெக்கானிக். இனி மருமகளும் அந்த வண்டியை ஓட்டப் போகிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

பதில்:

முதலில் பெடல் ரப்பரைப் பாருங்கள். கால் பிடிப்பதற்காக அதில் வரிவரியாக மேடு இருக்கும். ஆண்டுக்கணக்கில் மிதித்ததில் அது தேய்ந்து வழவழப்பாகிவிடும். ஈரக்கால் பட்டால் கேட்கவே வேண்டாம். பிரேக்குக்கு வலப்பக்கம் ஆக்ஸிலேட்டர். கால் வழுக்கி அதில் விழுந்தால், நிற்க வேண்டிய வண்டி பாயும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள். வரிகள் அழிந்திருந்தாலோ, வெடிப்பு இருந்தாலோ, ஓரத்தில் இரும்பு தெரிந்தாலோ, கையால் தள்ளும்போது ரப்பர் நகர்ந்தாலோ, உடனே மாற்றிவிடுங்கள்.

மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் உதிரிபாகக் கடைகளில் ரப்பர் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்.

திருப்புளியால் ஒரு ஓரத்தை நெம்பினால் பழைய ரப்பர் கழன்று வரும். பெடல் தகட்டில் உள்ள துருவை உப்புத்தாளால் தேய்த்து, ஈரமில்லாமல் துடையுங்கள். புது ரப்பர் விறைப்பாக இருந்தால் சுடுநீரில் சிறிது நேரம் போட்டு எடுங்கள், இளகிவிடும். ஒரு பக்கத்தை முதலில் மாட்டி, மற்ற ஓரங்களை இழுத்து விடுங்கள். சுலபமாக ஏறுமே என்று எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். ரப்பரும் கெடும், பிடிப்பும் போகும். நான்கு ஓரமும் தகட்டைக் கவ்வியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிறகு களத்திலேயே மெதுவாக ஓட்டிப் பலமுறை பிரேக் போட்டுப் பார்த்துவிட்டு ரோட்டுக்குப் போங்கள்.

கிளட்ச் ரப்பர் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால், ஓட்டுபவர் எந்நேரமும் அதன்மேல் கால் வைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். அந்தப் பழக்கம் கிளட்ச் பிளேட்டையும் சீக்கிரம் தேய்த்துவிடும். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் பெடலைப் பார்க்க வேண்டும். கிலோமீட்டர் குறைவாகக் காட்டி, ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் விசாரிப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை: பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினாலோ, மிதித்தபடியே மெல்லத் தாழ்ந்தாலோ அது ரப்பர் கோளாறு அல்ல. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

கதவோரம் ஒரு பழைய சாக்கு கிடக்கட்டும். சேற்றுக்காலைத் துடைத்துவிட்டு ஏறுவதை வீட்டில் எல்லோரும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.