உடைந்த வீரர்களின் பெட்டி

பிள்ளைகளின் அறையைத் துப்புரவு செய்யப் புகும் பெரியோர், நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டே தீமை செய்துவிடுவதுண்டு. அத்தகைய தீமையொன்றை நானும் செய்யவிருந்தேன். அதனையும் அதனாற் பெற்ற பாடத்தையும் இவ்வாரம் நேயர்களுக்குக் கூற விரும்புகின்றேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில், கனடாவின் ரொறன்ரோ நகரில் வாழும் என் தங்கையின் இல்லத்திற் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவளுக்கு இரு பிள்ளைகள். மகனுக்கு 16 வயது. மகளுக்கு 7 வயது. ஒருநாட் காலை மருமகனின் மேசையின் கீழே ஒரு பழைய சப்பாத்துப் பெட்டியைக் கண்டேன். திறந்தால், உள்ளே கைகளும் கால்களும் தலைகளும் குவிந்து கிடந்தன! ஒரு வீரனுக்குத் தலையில்லை. மற்றொருவனுக்கு வலக்கை இல்லை. உடைந்த பொருளை வீட்டில் வைத்திருத்தலாகாதென்று பழகிய மனமல்லவா நமது? பெட்டியை அப்படியே குப்பைப் பையினுள் இட்டேன்.

“மாமா, அது குப்பை இல்லை! எறிஞ்சு போடாதையுங்கோ!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தான் மருமகன்.

பின்னர் அமைதியடைந்து, அப்பெட்டியின் கதையைத் தன் தட்டுத்தடுமாறும் தமிழில் எனக்கு எடுத்துரைத்தான்.

அமெரிக்கச் சித்திரக்கதை ஏடொன்றிலே சுப்பர்மான் தோன்றிய ஆண்டு 1938. அவனைத் தொடர்ந்து, மனித ஆற்றலைக் கடந்த வீரர் பலர் அந்நாட்டுப் பிள்ளைகளின் உள்ளங்களிற் குடிபுகுந்தனர். 1964இல் ஹஸ்புரோ என்னும் கொம்பனி, கைகால்களை மடக்கத்தக்க போர்வீரப் பாவையொன்றை வெளியிட்டது. ‘பொம்மை’ என்று சொன்னால் ஆண்பிள்ளைகள் தீண்டார் என அஞ்சி, ‘செயலுருவம்’ எனப் பொருள்படும் புதுப் பெயரை அதற்குச் சூட்டியது. 2002இல் ‘மார்வல் லெஜன்ட்ஸ்’ என்னும் வரிசை தொடங்கியது. ஏறக்குறைய 6 அங்குல உயரமுடைய அவ்வரிசை வீரர்களுக்குத் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் எனப் பல மூட்டுக்கள் உண்டு. வேண்டியவாறு அவர்களை நிறுத்தலாம்.

இத்தொழிலில் ஒரு மருமம் இருக்கின்றது. ஒரே அச்சில் வார்த்த உடலுக்குத் தலையையும் நிறத்தையும் மாற்றிப் பல வீரர்களாக்கி விற்பது தொழிற்சாலைகளின் வழக்கம். 1982இல் மற்றெல் கொம்பனி வெளியிட்ட ‘ஹீ-மான்’ வரிசையிலும் இவ்வாறே ஓருடல் பலருக்குப் பயன்பட்டது. தொழிற்சாலை செய்வதை நாம் ஏன் செய்யலாகாது என்று கேட்டவர்களே இக்கைவினையை வளர்த்தவர்கள். உடைந்த பாவைகள் அவர்களுக்கு உதிரிப் பாகக் களஞ்சியம். சிறு துரும்பும் பல்குத்த உதவும் என்பதை அவர்கள் நன்கு அறிவர்.

செய்முறையை மருமகன் காட்டக் கண்டேன். முதலிற் பாவையைச் சுடுநீரிற் சிறிது நேரம் அமிழ்த்துகின்றான். வெப்பத்தால் பிளாஸ்ரிக் இளகுகின்றது. தலையையும் கையையும் முறியாமற் கழற்றலாம். இன்னொரு வீரனின் தலையை அங்கே பொருத்துகின்றான். இடைவெளி தோன்றுமிடத்தில், இருவகைப் பசைக்களிகளைச் சம அளவிற் பிசைந்து அப்புகின்றான். சில மணிநேரத்தில் அது கல்லைப்போல இறுகிவிடும். இறுகியபின் மணலொட்டிய கடதாசியால் தேய்க்கின்றான். அத்தூள் மூச்சுடன் உட்செல்லாதவாறு முகக்கவசம் அணிந்துகொள்கின்றான். மூட்டுக்கள் ஒன்றோடொன்று உராயுமிடங்களையும் சற்றுத் தேய்த்துக் கொடுக்கின்றான். இன்றேல் கையை அசைத்தவுடன் பூச்சு உரிந்துபோகும்.

அடுத்தது நிறந்தீட்டல். பாவையைச் சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்தி, அடிப்பூச்சு இட்டு, அதன்மேல் நீரிற் கரையும் நிறத்தை மெல்லிய படையாகத் தீட்டவேண்டும். ஒரு படை உலர்ந்த பின்னரே மறு படை. தடிப்பாக ஒரே முறையிற் பூசினால் முகத்தின் நுண்ணிய கோடுகள் மறைந்துவிடும். மென்மையான பிளாஸ்ரிக்கின்மேற் சிலவகை விசிறற் பூச்சுக்களை அடித்தால், அவை நாட்கணக்காகியும் உலராமற் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். இவ்வாறு தான் பழுதாக்கிய மூன்று பாவைகளையும் அவன் எறியவில்லை. அவையும் பெட்டியினுள் இருந்தன.

“இவ்வளவு பாடு எதற்கு? கடையில் ஒன்று வாங்கலாமே!” என்றேன்.

“நான் தேடுற ஆள் கடையில் இல்லை மாமா” என்றான்.

அவன் தேடியது யாரை என்பதை அன்று மாலையே அறிந்தேன். என் மருமகள் இரு காதுகளிலும் கேட்கும் கருவி அணிபவள். பள்ளிக்கூடத்திற் பிள்ளைகள் உற்றுப் பார்க்கின்றனர் என்று, அவற்றைக் கூந்தலால் மூடிக்கொள்வாள். சில நாட்களிற் கழற்றிப் பைக்குள் ஒளித்தும் விடுவாள். அவளுக்கென அண்ணன் ஒரு வீராங்கனையைச் செய்துகொண்டிருந்தான். உடல் ஒருத்தியுடையது, தலை மற்றொருத்தியுடையது, மேலாடை உடைந்த வேறொரு வீரனுடையது. காதின் பின்னே, பசைக்களியால் அரிசிமணி அளவில் இரு கருவிகளை உருட்டி ஒட்டியிருந்தான்.

இத்தகைய தேவை அவ்வீட்டுக்கு மட்டும் உரியதன்று. 2012ஆம் ஆண்டில், அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த 4 வயதுச் சிறுவன் ஒருவன், வீரர்கள் இக்கருவியை அணிவதில்லை என்று கூறித் தன் கருவியை அணிய மறுத்தான். அவன் தாய் மார்வல் நிறுவனத்துக்கு எழுதினார். அந்நிறுவனத்தின் ஹோக்ஐ என்னும் வில்வீரன் 1983இல் வெளிவந்த கதையிலேயே செவிப்புலனை இழந்து கருவி அணிந்தவன். நிறுவனத்தார் அதனை எடுத்துக்காட்டியதோடு, ‘நீலக்காது’ என்னும் புதிய வீரனையும் அச்சிறுவனுக்காக வரைந்து அனுப்பினர். 2015இல் பிரித்தானியாவில், பாவைகளுக்குத் தம் கையாலேயே கேட்கும் கருவியும் சக்கர நாற்காலியும் பொருத்திக் காட்டி, ‘என்னைப் போன்ற விளையாட்டுப் பொருள்’ எனக் கேட்கும் இயக்கமொன்றைப் பெற்றோர் தொடங்கினர். அடுத்த ஆண்டிலே லெகோ நிறுவனம் சக்கர நாற்காலியில் அமர்ந்த சிற்றுருவை வெளியிட்டது.

மறுநாள் வீராங்கனை தங்கையின் கைக்கு வந்தாள். சிறுமி அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நன்றி ஒன்றும் கூறினாளில்லை.

“அண்ணா, என்ரை மிசின் ஊதா. இது நீலம்” என்றாள்.

நிறம் ஒத்திருக்கின்றதா என்று காட்டுவதற்காகத் தன் கூந்தலை விலக்கிக் காதைப் பாவையின் அருகே கொண்டுவந்தாள். அவள் கூந்தலைத் தானே விலக்க நான் கண்டது அதுவே முதன்முறை. தங்கை சமையலறை வாயிலில் நின்று இதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஒன்றும் பேசாமல் ஊதா நிறத்தைக் குழைக்கத் தொடங்கினான்.

இருபது ஆண்டுகளாக, கரும்பலகையில் உள்ளதைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதும் மாணவனையே கெட்டிக்காரன் என்று பாராட்டி வந்தவன் நான். உள்ளதை மாற்றி இல்லாததை ஆக்குபவனுக்கு என் மதிப்பெண் ஏட்டில் இடமிருந்ததில்லை. அந்தச் சப்பாத்துப் பெட்டி என்னை நாணச் செய்தது.

மாணவர்களே, விலைக்கு வாங்கிய வீரன் பிறர் கற்பனையில் உதித்தவன். அவனில் உங்களுக்கு வேண்டியது இல்லையெனில் வருந்தற்க. பொறுமையும் தூரிகையும் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். பெற்றோர்களே, அறையைத் துப்புரவு செய்யுங்கள். ஆனால், பெட்டியை எறியுமுன் பிள்ளையை ஒரு வார்த்தை கேளுங்கள்.